திருத்தக்கோடு

வெள்ளிடை மலை என்போம், என் மொழியில்.
இங்கே வெள்ளிடை மட்டும்தான்.
மலை கிடையாது.
சஸ்காட்செவன் சமவெளியில்
எல்லாவற்றிலும் உயரம் தானியக் கிடங்கு,
அதற்கடுத்தது
கிரேடர் வண்டியின் கூண்டுக்குள் அசையும்
ஒரிஸ்யா ஹ்நாட்யுக்கின் தலை.

பத்தொன்பது வருடமாக
ஒரே சரளைச் சாலையைச் சீவி வருகிறாள்.
வடக்கே போகும் சாலை.
ஒரு மைல் தள்ளி இன்னொன்று, அதுவும் வடக்கே.
இரண்டும் நேர். இரண்டும் இணை.
இணைகோடுகள் சந்திப்பதில்லை.
கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?

ஆனால் இருபத்துநான்கு மைலுக்கு ஒருமுறை
சாலை திடுமென முறிந்து
மேற்கே கொஞ்சம் நடந்து,
மறந்ததை எடுக்கப் போனவனைப் போல,
மறுபடி வடக்கே திரும்பும்.
ஏரி இல்லை, பாறை இல்லை,
சுற்றிப் போக ஒரு கல்லறைகூட இல்லை.
வரைபடத்தில் அதன் பெயர் திருத்தக்கோடு.

அக்டோபரில் ஓர் இரவு
ஃப்ரீசன் வீட்டுப் பையன் கோல்பி
அந்த முறிவில் திரும்பவில்லை.
முகப்பு வெளிச்சத்தில் சாலை
நேராகத்தான் தெரிந்திருக்கும்,
பிரேக்கைத் தொடத் தோன்றாத அளவுக்கு நேராக.
அறுப்பு முடிந்த கனோலா வயலுக்குள்
சக்கரத் தடம்
அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல் கிடந்தது.
விடிந்ததும் முதலில் பார்த்தவள் ஒரிஸ்யா.

ஊராட்சிக் கூட்டத்தில்
கோல்பியின் பெரியப்பா டெல்பர்ட் எழுந்தார்.
"சாலையை நேராக்குங்கள்.
வடக்கே போவது வடக்கே போகவேண்டும்.
இதை ஒருவர் சொல்லவா வேண்டும்?"
பதினொரு தலைகள் ஆடின.
குறிப்பெழுதிக்கொண்டிருந்த என் தலையும்.

ரெஜைனாவிலிருந்து வந்த நில அளவையாளர்
தொண்டையைச் செருமினார்.
வடக்கே போகப் போக
இந்தச் சாலைகள் ஒன்றையொன்று நெருங்கும்,
எல்லா வடக்கும் ஒரே புள்ளி,
பூமி உருண்டை, ஆகவே...
"உருண்டை என்று எங்களுக்கும் தெரியும்."
தெரியும்தான்.
அது பள்ளிக்கூடத்தில் தெரிந்தது.
இது கண்ணுக்குத் தெரிவது.
இரண்டும் ஒரே தலைக்குள்
பேச்சுவார்த்தை இல்லாமல் குடியிருந்தன.

கடைசி வரிசையில் வாண்டா கேலர்
குளிர்குல்லா பின்னிக்கொண்டிருந்தாள்.
காதோரம் நூற்றிருபது கண்ணி,
ஏற ஏறக் குறைத்து
உச்சியில் எட்டு.
வரிகள் எல்லாம் நேராகவே ஏறின,
எல்லாம் போய்ச் சேர்ந்தன.
யாரும் அதைக் கவனிக்கவில்லை.
அவளும்தான்.
அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

'வெளிப்படை' என்று குறிப்பேட்டில் எழுதி
அடித்தேன்.
எது வெளிப்படை?
இன்னும் இருபத்துநான்கு மைல் ஓட்டிப் பார்க்காததா?
ஒரு மைலுக்குள் வாழ்ந்து முடிப்பவனுக்கு
இணைகோடுகள் சந்திப்பதே இல்லை.
அவன் சொல்வதில் பிழை என்ன?

இல்லை,
ஆதாரம் கேட்க நாக்கு கூசுகிறதே, அதுவா?
கோல்பியின் அம்மா லியோனா கூட்டத்துக்கு வரவில்லை.
மகன் இல்லை என்பதற்கு
அவளிடம் யார் சான்று கேட்பார்கள்?
அவள்தான்
இரவு பதினொன்றுக்கு வாசல் விளக்கைப் போட்டு
சாலையைப் பார்த்துவிட்டு
அணைக்கிறாள்,
அந்த ஒன்றை மட்டும் தினமும் சரிபார்க்கிறவளாய்.

தீர்மானம்: சாலை அப்படியே இருக்கும்.
ஒளி தெறிக்கும் மஞ்சள் பலகை இரண்டு.
டெல்பர்ட் எதிர்த்து வாக்களித்தார்.

நவம்பர் நிலம் பாதி உறைந்திருந்தது.
ஒரிஸ்யாவின் கடப்பாறை மண்ணில் துள்ளியது.
கம்பத்தை நான் பிடித்துக்கொள்ள
தூக்குக்குண்டை விட்டுப் பார்த்தாள்.
செங்குத்து.
முப்பதடி தள்ளி இரண்டாவது.
அதுவும் செங்குத்து.
கையுறையைத் தட்டியபடி
"இதாவது ஒன்றுக்கொன்று இணை" என்றாள்.

ஆமாம் என்றேன்.
இரண்டு குண்டுகளும்
பூமியின் நடுவே ஒரே இடத்தைத்தான்
சுட்டுகின்றன என்பதை
வண்டி கிளம்பியபின்தான் நினைத்தேன்.