கழிவு

"டார்கெட்டுக்குத்தானே மேடம்?"
ஆமாம் என்றேன்.
டார்கெட் அந்த நேரம் யஷ்வந்த்பூர் யார்டில்
சோனா மசூரி மூட்டைகளுக்குப் பின்னால்
மீசை துடைத்துக்கொண்டிருந்திருக்கும்.
நான்கு மாதத்தில் அறுபது மூட்டை கடித்தாயிற்று.
எலி என்றால் பொறி போதும்.
இது பெருச்சாளி. பொறியை இழுத்துக்கொண்டு போகிறது.

ஜே.சி. ரோட்டில் மொயீஸ் பாய் கடை.
முன்னால் தையல் மெஷின் பாகங்கள், உள்ளே துப்பாக்கி.
துவாலை விரித்து மூன்றைப் படுக்கவைத்து
ரஸ்ஸல் மார்க்கெட்டில் மீன் காட்டுவதுபோல்
வயிற்றைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.
ஸ்பிரிங் மலிவு, ஆனால் உதறும்.
கேஸ் பிஸ்டன் கொஞ்சம் சாது.
காற்றுச் சிலிண்டர்
(அதற்குத் தனிப் பம்பு, என் மூன்று மாதச் சம்பளம்)
அதைத் தொட மட்டும் விட்டார்.

குழலை மடக்கிப் பாருங்கள் என்றார்.
பாதியில் நின்றது.
பதினெட்டு வருஷம் ரசீதுப் புத்தகம் மடக்கிய கை.
தொடையில் முட்டுக்கொடுத்து மறுபடி.
கிளிக்.
கடைப் பையன் கால்குலேட்டரிலிருந்து நிமிர்ந்தான்.

குண்டு நாலரை மில்லிமீட்டர், அதற்கு மேல் லைசென்ஸ்.
"தட்டைத் தலை காகிதத்துக்கு.
உருண்டைத் தலை..." வாசலை ஒரு தரம் பார்த்தார்,
"மற்றதுக்கு."

பிறகு, எந்தக் கண் என்று கேட்டார்.
எனக்குப் புரியவில்லை.
இரு கையையும் நீட்டி
விரல்களுக்கு நடுவே சின்னதாய் ஓட்டை வைத்து
சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார்.
இடது கண்ணை மூடினேன்.
கடிகாரம் இல்லை.
வலதை மூடினேன்.
இருந்தது, நாலு பத்து.
கை வலது, கண் இடது, சிலருக்கு அப்படி, என்றார்
ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்பவர்போல.
நாற்பத்தாறு வயசு.
இத்தனை வரவு செலவையும் யார் பார்த்தது உள்ளே?

இடது தோளுக்கு இரண்டு கட்டை ஒத்துவரவில்லை,
கன்ன மேடு அந்தப் பக்கம்.
மூன்றாவதற்குப் பக்கமே கிடையாது.
சக்தி, தூரம், எதையும் கேட்காமல் அதையே எடுத்தேன்.
பில்லில் 'விளையாட்டுப் பொருள்' என்று போட்டார்.

ராத்திரி ஷட்டரை இறக்கி
ஹனுமந்தா டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றிப் பிடித்தான்.
மூட்டைமேல் குப்புறப் படுத்தேன்.
முதல் குண்டு மூட்டையில்.
இரண்டாவதும் மூட்டையில்.
நாலரை மில்லிமீட்டர் ஓட்டை வழியே
சோனா மசூரி நெட்டுவாக்கில் இறங்கும், சத்தமில்லாமல்,
ஊசியில் கோத்த நூல்போல.
அதைத் தின்னத்தான் அது வெளியே வந்தது.
காதுக்குப் பின்னால் என்று சொல்லியிருந்தார்கள்.
எட்டாவது குண்டு அங்கே போனது.
ஒரு கால் மட்டும் கொஞ்ச நேரம்
எதையோ தேடியது, பிறகு தேடவில்லை.

பழக்க தோஷம், தராசில் போட்டுவிட்டேன்.
தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.
"சாம்பிளா அக்கா?" என்று சிரித்த ஹனுமந்தா
என் முகத்தைப் பார்த்து வாளி எடுக்கப் போனான்.

காலையில் முதலாளி திம்மராயப்பா:
எத்தனை?
ஒன்று.
மூட்டை?
ஏழு.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அரிசிக்குள் ஈயம் என்று நான்தான் சொன்னேன்.
அவருக்கு அது தோன்றியிருக்காது.

நாள் முழுக்கச் சலித்தோம்.
ஏழு மூட்டை, இரண்டு சல்லடை, ஒரு காந்தம்,
ஈயத்துக்குக் காந்தம் எதற்கு என்று மத்தியானம்தான் உறைத்தது.
ஆறு கிடைத்தது.
ஏழாவது மூட்டையை மறுபடி சலித்தோம்,
விளக்கு போட்டு இன்னொரு தரம்.

அதைக் கழிவில் எழுதி
ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
விற்க முடியாது, கொட்டவும் மனசில்லை.
மகனுக்குத் தினமும் சப்பாத்தி.
எனக்குச் சோறு,
ஒரு வாரமாய்,
பல்லால் ஒவ்வொரு பருக்கையாய்க் குறிபார்த்து,
மெதுவாக.