ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம்

பேரணாம்பட்டில் எட்டு நாளைக்கு ஒருமுறைதான்
குழாயில் தண்ணீர்.
சோதனைக்கென்று இரண்டு டம்ளர் மொண்டதற்கே
வீட்டுக்காரம்மா ஒரு மாதிரி பார்த்தாள்.

முபீனாவுக்கு ஐந்தேகால் வயது.
அம்மா ஆம்பூரில், ஷூ கம்பெனியில்.
லாரி வரும்வரை
குடத்துக்குக் காவலிருந்து பழகிய பிள்ளை.

இரண்டும் சமமா?
'சமம்தான்.'
ஒன்றை ஒல்லி கிளாசில் ஊற்றினேன்.
இப்போ எதில் ஜாஸ்தி?
'அதே தண்ணிதானே.
நீங்க கீழ சிந்தவே இல்லியே.'

ஏழு வயதுக்கு முன் இது வராது
என்கிறது பி.எட். புத்தகம்.
மறுபடி கேட்டேன்,
மெதுவாக, சிரித்துக்கொண்டே,
நல்லாப் பாரு பாப்பா என்று.

அவள் தண்ணீரைப் பார்க்கவில்லை.
என் முகத்தைப் பார்த்தாள்
வெகுநேரம்.
பிறகு உயரமானதைத் தொட்டாள்.
'இதுல.'

எழுதிக்கொண்டேன்.
நாளைக்கு மேடம் கையெழுத்துப் போட்டுவிடுவார்.
அட்டவணையில் வயதுக்கு ஒரு கட்டம்,
விடைக்கு ஒரு கட்டம்.
முதலில் சொன்னதை ஓரத்தில்
பென்சிலால் குறித்து
அழித்தும் விட்டேன்.
தாளில் தடம் இருக்கிறது.

நான் பையை மூடுவதற்குள்
டம்ளரையும் கிளாசையும்
குடத்திலேயே கவிழ்த்துவிட்டு
மூடி போட்டாள் முபீனா.
தரையில்
ஒரு சொட்டு இல்லை.