பத்திலிருந்து ஒன்று வரை

வூச் நகரத்துப் பழைய நூலாலையின் நிலவறை.
பத்து மணிக்கு ஏழு பேர்.
அதில் இருவர் கழிப்பறை தேடி வந்தவர்கள்.

யாகோதா தலையைச் சாய்த்து
ஒரு காதை அறைக்குக் கொடுத்திருக்கிறாள்.
மறு காதில் இன்னும் வெளிவராத பாட்டு.

பெட்டியில் இருக்கிறது அந்தத் தட்டு.
போட்டால் கூரை பிய்ந்துவிடும்.
போடக் கூடாது.
ஒரு மணிக்கு வருகிறவன் பிய்க்கக்
கூரை மிச்சமிருக்க வேண்டும்.

முகங்களை அவள் நம்புவதில்லை, கால்களைத்தான்.
இன்று கால்களும் அசையவில்லை.
கோட்டு வாங்கி மாட்டும் போஜெனா மட்டும்
எண்வில்லையால் மேசையைத் தட்டுகிறாள்,
தட்டுவது தெரியாமலே.
போதும்.
வேகத்தை ஒரு மயிரிழை கூட்டுகிறாள்.

பதினொன்றரைக்கு யாரோ ஒருவன்
கைப்பேசியில் ஒரு பாட்டின் பெயரை நீட்டுகிறான்.
சிரிக்கிறாள். அதுவும் வேலையில் சேர்த்தி.

பன்னிரண்டே முக்கால்.
எப்போது நிறைந்தது என்று
தளத்துக்கே தெரியவில்லை.
வந்தவன் கையை உயர்த்துகிறான்,
ஒரே கூச்சல்.

அவள் கம்பிகளைச் சுருட்டுகிறாள்.
நூற்றைம்பது ஸ்வாட்டி, ஒரு பீர் சீட்டு.
இரவுப் பேருந்தில் காதுக்குள் மெலிதாக ஒரு விசில்.
மடியில் அந்தத் தட்டு,
இந்த மாதமும் உறை பிரியாமல்.