எந்தக் கோப்பு

அடைக்கலத்திடம் ரசீது இல்லை.
மழையில் நனைந்து சட்டைப் பையிலேயே மாவாகிவிட்டதாம்.
"கட்டிட்டேங்க. ஐப்பசி கடைசி வெள்ளி.
நாப்பத்திரண்டாயிரம். நீங்கதான் எண்ணுனீங்க."
திரையில் அவர் சங்கிலி இருக்கிறது, மூன்று பவுன்,
வட்டி ஏறியபடி.
பணம் மட்டும் இல்லை.

செக்காலை ரோட்டில் ஷட்டர் பாதி இறங்கியாயிற்று.
முதலாளி செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார்:
"சிஸ்டத்துல இல்லேன்னா இல்லதான், உமையாள்."

இருக்கும்.
இது அழித்து எழுதாத டேட்டாபேஸ்.
திருத்தமோ நீக்கமோ
கடைசி வரிக்குக் கீழே இன்னொரு வரி, அவ்வளவுதான்.
பத்து எம்பி நிறைந்தால் புதுக் கோப்பு.
நள்ளிரவில் ஒரு துப்புரவு ஓட்டம் வந்து
செத்த வரிகள் மிகுந்த கோப்பைத் தூக்கிப் போடும்.
முதலில் அதை நிறுத்தினேன்.

பெரிய வீட்டு முகப்பில் நின்று
வெங்கலப் பானை வேண்டும் என்று கேட்பது போல:
உள்ளேயிருந்து யாரோ கொண்டுவந்து தருவார்கள்.
எந்த அறை, யார் புள்ளிக்கான அறை,
எந்தச் சாவி என்று சொல்லமாட்டார்கள்.
எனக்குப் பானை வேண்டாம்.
அறை வேண்டும்.

இருநூற்றுப் பதினொரு கோப்புகள்.
ஒவ்வொன்றாகத் திறந்து, அடகு எண் 4417 எங்கே என்று
தேடவிட்டேன்.
தேவகோட்டைக் கடைசி பஸ் ஹாரன் அடித்துப் போனது.
அடைக்கலம் பெஞ்சில் உட்காரவில்லை,
கதவோரம் நின்றுகொண்டே
லாரிக்காரன் யாருக்கோ போனில்
"இந்தா வந்துட்டேன்" என்று பொய் சொன்னார்.

நூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது கோப்பு.

6:41. வரவு. 42,000.
6:58. நீக்கம்.
இரண்டுக்கும் ஒரே பயனர்: உமை03.

நான்.

அந்த வெள்ளி, 6:58க்கு,
பஸ் ஸ்டாண்டில் மல்லிகைப்பூ முழம் என்ன விலை என்று
சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.
கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் போகும் பழக்கம் எனக்கில்லை.
கடையில் மிச்சமிருந்தது ஒருத்தர்.
சாவி அவரிடம்தான்.

கோப்பைப் பிரதி எடுத்தேன். பென்டிரைவில் ஒன்று,
என் போனில் ஒன்று.
இன்னொன்று எங்கே என்று சொல்லப்போவதில்லை.

"கெடைச்சுதாம்மா?"

காலண்டர் தாளைக் கிழித்து
கோப்பின் எண்ணையும், உள்ளே எத்தனையாவது பைட் என்பதையும்
பேனாவை அழுத்தி எழுதிக் கொடுத்தேன்.
தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.
"என்ன நம்பரு இது?"

"உங்க பணம் இருக்கிற அறை.
இதையாவது நனைச்சிராதீங்க."