இரண்டாம் சாவி

ராணிப்பேட்டை சிப்காட், மூன்றாம் கட்டம்.
தோல் ஷெட்டின் வாடை தாண்டிக்
கடைசிக் கதவில் மஞ்சள் பலகை, மூன்றிதழ்க் குறி.
உள்ளே குழி. குழிக்குள்
கேமரா என்று நாங்கள் சொல்லும் இருபது கிலோப் பெட்டி.
பெட்டிக்குள் கொத்தமல்லி விதையளவு இரிடியம்.
பற்றவைத்த குழாயின் உள்விரிசலைப் படம்பிடிக்க.
எழுபத்து நான்கு நாளில் அது பாதியாகும்.
எங்கள் கவனம் அதற்கு முன்பே.

பூட்டு இரண்டு. சாவி இரண்டு.
ஒன்று என்னிடம், ஒன்று அப்பாண்டைராஜிடம்.
தனியாளாய்த் திறக்கக் கூடாதென்று
சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.
சட்டத்துக்குப் பின்னால் பல்லி முட்டையிட்டிருக்கிறது.

சேர்ந்த புதிதில்
சுவரேறி வரும் ஆளுக்குத்தான் பயந்தேன்.
வந்தவர்கள் வேறு.
‘நம்ம பையன்தான், விடுங்க’ வந்தது.
‘காட்பாடியில வண்டி காத்திருக்கு’ வந்தது.
‘போன வாரமும் இப்படித்தானே’
செருப்பைக்கூடக் கழற்றாமல்
வந்து உட்கார்ந்துகொண்டது.

முனிரத்தினம் மட்டும்
முதலாளி மருமகனை
அட்டை இல்லையென்று கேட்டில் நிறுத்தினார்.
மே மாத வெயில். இருபது நிமிடம்.
ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்.
வழி கொடுக்கவில்லை.
அன்று சிரித்தோம். நானும்தான்.

ஐப்பசி மழையில் ஒருநாள்,
மகளுக்குக் காய்ச்சலென்று
அப்பாண்டைராஜ் தன் சாவியை
என் மேசையில் வைத்துவிட்டு ஓடினார்.
ஒன்றேகால் மணி நேரம்
இரண்டும் ஒரே கையில்.
ஒன்றும் நடக்கவில்லை.
குழி பூட்டியபடி. மீட்டர் முள் அசையாதபடி.
யாரும் பார்க்கவில்லை.
பார்க்கவில்லை என்பதுதான்
வாலாஜா வரை பஸ்ஸில்
என் பக்கத்து சீட்டில் வந்தது.

மறுநாள் பதிவேட்டில்,
பன்னிரண்டு வருடமாய்
‘எல்லாம் சரி’ என்றே நிரம்பிய பத்தியில் எழுதினேன்:
‘2.10 முதல் 3.25 வரை இரு சாவியும் என்னிடம்.
வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினேன்.
ப. பத்மாசனி.’

அப்பாண்டைராஜ் ஒரு வாரம்
டிபன் பாக்ஸைத் தள்ளிவைத்துச் சாப்பிட்டார்.
மேலாளர் கூப்பிட்டார். மெமோ இல்லை.
‘இதையெல்லாம் எழுதணுமாம்மா?’
‘எழுதியாச்சு சார்.’

இந்த மாதப் பக்கத்தில்
ஜபருல்லாவின் கோணல் கையெழுத்து:
‘பள்ளிகொண்டா டோல்கேட். டீ குடிக்க இறங்கினேன்.
வண்டி கண்ணில்தான் இருந்தது. நாலு நிமிஷம்.
இருந்தாலும்.’
அதற்குக் கீழே பென்சிலில், பெயரில்லாமல்:
‘ரெண்டாவது பூட்டு இறுகுது. எண்ணெய் வேணும்.’
எழுத்தைப் பார்த்தாலே தெரியும். அப்பாண்டைராஜ்.

பல்லி முட்டை பொரிந்துவிட்டது.
சட்டம் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது.
நிமிர்த்த ஏணி வேண்டும்.
ஏணி அந்த அறைக்குள் போக
இரண்டு பேர் கையெழுத்து வேண்டுமாம்;
முனிரத்தினம் விடமாட்டேன் என்கிறார்.