மழை இருக்கட்டும்

ஏழாம் அத்தியாயத்தில்
அன்று மழை என்று எழுதியிருந்தேன்.
நல்ல மழை. மூன்று பக்கம்.
மஸ்கெலியா மலை முழுக்க நனைந்து
மடுவத்துத் தகரம் அதிர,
கூடையை இறக்கும் மாரியாயியின்
படங்கிலிருந்து தண்ணீர் சொட்ட,
தராசு பிடித்திருந்த இளம் கணக்கப்பிள்ளை
மனம் கேளாமல்தான் கழிக்கிறான்
தண்ணிக் கழிவு இரண்டு கிலோ.
பதினேழு பதினைந்தாகி,
பதினாறைத் தொடாததால் அரைப்பேர்.
அவன் கண் கலங்குகிறது.
அதையும் எழுதியிருந்தேன்.

ஹட்டனில் அச்சகம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மேல்மாடி.
கம்ப்யூட்டரில் அடித்த நிரோஷினி
தாள்களுக்கு ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தாள்.
எழுத்துப்பிழைக்குச் சிவப்பு.
ஏழாம் அத்தியாயத்தின் ஓரத்தில் மட்டும்
பென்சில், அழித்துவிடக்கூடிய அழுத்தத்தில்:
“ஐயா, அன்னைக்கு வெயில்.
படங்கைக் கழுவி
காம்பராக் கூரையில காயப்போட்டுட்டுத்தான் போனேன்னு
அம்மா எப்பவும் சொல்லுவாங்க.”

எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை.
தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்றாள்.
வேண்டாம் என்றேன்.
குடித்தேன் என்றுதான் நினைக்கிறேன். சீனி அதிகம்.

சரி, வெயில்.
பதினேழு இல்லை, பதினெட்டு.
இரண்டு இல்லை, மூன்று.
கழித்த மூன்றும்
மலைக்கே வராத ஒரு பேரில் ஏறியது.
சம்பள நாளில் அந்தப் பேர்
என் சட்டைப்பையில் இருந்தது.
அவள் கத்தவில்லை. துண்டை வாங்கி
வாசித்தாள், உதடு அசைய.
நாவலில் அவளுக்கு எழுத்துத் தெரியாது.

“நானும் லயத்துப் பிள்ளைதான்” என்று
முன்னுரையில் இருக்கிறது.
பிறந்தது லயம். நான்கு வயதிலிருந்து குவாட்டர்ஸ்.
நடுவில் நாற்பது படி,
மேலே நின்று பார்த்தால்
கீழே எல்லாக் கூரையும் ஒன்றுபோல.

அந்த மாதக் கடைசியில் அவள் மூத்தவன்
ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தோடு
கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போனான்.
அரைப்பேரால் அல்ல.
அரைப்பேரால் மட்டும் அல்ல.

பென்சிலை நான் அழிக்கவில்லை.
பக்கத்தில் பேனாவால் எழுதினேன்:
மழை இருக்கட்டும். கதைக்கு வேண்டும்.

நிரோஷினி வாசித்தாள், உதடு அசைய.
பிறகு பில் எழுதினாள்:
பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு
ஒவ்வொரு தாளாய் எண்ணினேன்,
இரண்டு தரம்.
சரியாக இருந்தது.