வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
எங்கள் ஜவ்வரிசி ஆலையில்
கிழங்கு லாரி வந்தால் முதலில் பாயின்ட் பார்ப்பார்கள்.
ஒரு கூடைக் கிழங்கைத் தண்ணீரில் அமிழ்த்தினால்
உள்ளே எவ்வளவு மாவு என்று முள் சொல்லிவிடும்.
இருபத்தாறு. இருபத்தேழு.
பாயின்ட்டுக்கு இவ்வளவு ரூபாய்.
கிழங்குக்காரர் முள்ளைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார்,
நான் பில்லைப் பார்ப்பேன்.
பதினாறு வருடமாக
யார் முகத்தையும் பார்க்காமல்
கணக்கு எழுதத் தெரியும் எனக்கு.

ஜனப்பிரியாவுக்கு அகமதாபாத்தில் இடம் கிடைத்திருக்கிறது.
கட்டடம் வரையும் படிப்பு, ஐந்து வருடம்.
அந்தப் பக்கத்தில்
படிபடியாகப் பூமிக்குள் இறங்கும் கிணறுகள் இருக்கிறதாம்.
பத்தாவது படிக்கையில் படம் பார்த்ததிலிருந்து
பிடித்த பிடி.
முதல் தவணை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள்.

இன்றைக்குச் செவ்வாய்.
எல்லோரும் போன பிறகு
டேலியில் புதுக் கம்பெனி ஒன்று உருவாக்கினேன்.
பெயர் கேட்டது. அவள் பெயரைப் போட்டேன்.
என் சம்பளம்.
அவள் அப்பாவின் மில் சம்பளம், ஓவர்டைம் இல்லாமல்
(ஓவர்டைமை நம்பி யாரும் வரவு எழுதக் கூடாது).
செவ்வாய்ப்பேட்டைச் சீட்டு இன்னும் ஏழு மாதம்,
இப்போதே எடுத்தால் நாற்பதாயிரம் தள்ளு.
ஒரு ஆரம், இரண்டு வளையல்,
அடகில் இருப்பது போக ஒரு வளையல்.
ஓமலூர் பக்கம் முக்கால் கிரவுண்டு.
பாதை இருக்கிறது. பட்டா இன்னும் மாமனார் பெயரில்.

புதன் மதியம், செரி ரோட்டு வங்கி.
மேலாளர் நல்ல மனிதர்,
நாற்காலியை ஃபேனுக்கு நேராக இழுத்துப் போட்டார்.
ஏழரை லட்சம் வரைக்கும் சொத்து ஈடு கேட்க மாட்டோம் என்றார்.
ஏழரை.
எங்கள் வீட்டில் அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்வதில்லை.
எங்களுக்கு வேண்டியது பதினாறு.
முதல் பட்டதாரிச் சான்றிதழை நீட்டினேன்.
இது ஓசூர் தாண்டினால் செல்லாதும்மா.

உள்ளூரில் சிவில் இருக்கிறது.
ஐந்து ரோட்டில் காலேஜ் பஸ் நிற்கும்,
சான்றிதழ் செல்லும்.
அதுவும் கட்டடம்தானே, என்றார் அவள் அப்பா.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
வாங்கி வந்த தட்டுவடை செட்டிலிருந்து
பீட்ரூட்டை மட்டும் எடுத்துக் காகிதத்தின் ஓரம் வைத்தாள்.
சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.
வேண்டாததைச் சண்டை போடாமல் ஒதுக்குவாள்.

ராத்திரி மார்க்‌ஷீட் நகல் தேடும்போது
அவள் ரஃப் நோட்டு கைக்கு வந்தது.
அவளும் கணக்குப் போட்டிருக்கிறாள்,
பென்சிலில், ஸ்கேல் வைத்து, வீட்டு பிளான் மாதிரி.
கட்டணம்: நான் எழுதியதே.
மெஸ்: இரண்டு வேளை.
ஊருக்கு வர: இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை.
லேப்டாப்: அக்கா தரும்.
காய்ச்சல், மருந்து: ஒரு கோடு.
அடியில் கூட்டுத்தொகை,
அவளிடம் நாங்கள் சொல்லவே சொல்லாத எங்கள் எல்லைக்குச்
சரியாக நானூறு ரூபாய் கீழே.

எத்தனையோ பொய்க்கணக்கு பார்த்தாயிற்று.
ஈரத்தை எடையில் ஏற்றுவார்கள்,
வராத மூட்டைக்கு வந்ததாகக் கையெழுத்து இருக்கும்.
சொந்த வயிற்றில் கை வைத்து
ஐந்தொகையை நேராக்கியவளை இப்போதுதான் பார்க்கிறேன்.

சிவப்புப் பேனா எடுத்தேன்.
இரண்டை அடித்து மூன்று வேளை.
ரயில் வருடத்துக்கு இரண்டு, தீபாவளி ஒன்று, மே மாதம் ஒன்று.
மருந்துக்கு ஆறாயிரம்.
லேப்டாப் பக்கத்தில், எந்த அக்கா? என்று எழுதினேன்.
கூட்டல் அவள் போட்ட கட்டத்துக்குள் அடங்கவில்லை.
ஒன்றே முக்கால் லட்சம் இடிக்கிறது இப்போது.

வியாழன்.
களத்தில் ஜவ்வரிசி காய்கிறது,
தொட்டித் தண்ணீரின் புளித்த வாடை.
அதற்கு அப்பால் சேர்வராயன் மலை, பாதி மேகத்தில்.
முதலாளி பத்து மணிக்கு வருவார்.
அட்வான்ஸ் கேட்டு வந்தவர்களை
நான்தான் அவர் அறைக்கு வெளியே
அந்தப் பச்சை நாற்காலியில் உட்கார வைப்பேன்.
ஒன்பது ஐம்பது.
என் மேஜையை விட்டு எழுந்துபோய்
அதில் உட்காருகிறேன்.
ஒரு கால் ஆடுகிறது.
இத்தனை வருடத்தில் யாரும் சொல்லவில்லை.